பாலும் நெய்யும் இல்லாமல் நிறைவான உணவு

உழைப்பவர்க்கு உணவே முதற்பொருள். பகல் முழுதும் தறிக்குழியில் அமர்ந்து மிதிகட்டையை மிதிப்பவர்க்கும், வெயிலில் குனிந்து களையெடுப்பவர்க்கும், வீட்டு வேலைகளுக்கிடையே தார் சுற்றித் தரும் பெண்டிர்க்கும், உண்ட உணவு வயிற்றை நிரப்பினால் மட்டும் போதாது. அடுத்த வேளை வரையில் தெம்பு தரவும் வேண்டும். ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் நாள்தோறும் நடப்பது என்ன? சோறு மிகுதியாகவும், குழம்பு சிறிதாகவும், பருப்பு பெயரளவிலும் இருக்கின்றன. மாடு வைத்திருக்கும் வீட்டிலும் பால் பெரும்பாலும் பால் சங்கத்துக்குச் சென்றுவிடுகிறது. எஞ்சுவது தேநீருக்குப் போதுமாயின் பெரிது. பாலை விலைக்கு வாங்க வேண்டிய வீடுகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

இந்நிலையில், “தயிரும் நெய்யும் இல்லாத சாப்பாடு ஒரு சாப்பாடா?” என்ற ஏக்கம் எழுவது இயல்பு. அவ்வேக்கத்துக்கு இடமில்லை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். பால், தயிர், நெய், முட்டை, இறைச்சி ஆகிய எதுவும் சேராமல், நம் நிலத்தில் விளையும் பொருள்களைக் கொண்டே சுவையும் சத்தும் வகையும் நிறைந்த உணவை ஆக்கிக்கொள்ள முடியும். ஆனால் அதற்குச் சில முறைகள் உள்ளன. அவற்றை அறியாமல் பாலை மட்டும் நீக்கிவிட்டு, அதனிடத்தில் இன்னும் ஒரு பிடி சோற்றை இட்டு நிரப்பினால் நலம் விளையாது.

பழைய பழக்கமும் புதிய பெயரும்

உயிரினங்களிடமிருந்து பெறும் எப்பொருளையும் உண்ணாத முறைக்கு ‘வீகன்’ என்னும் பெயரை 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலிய சிலர் வழங்கினர். இன்று நம் நகரங்களிலும் இப்பெயர் பரவியிருக்கிறது. பெயர் புதிதேயன்றி உணவு நமக்குப் புதிதன்று. கம்மங்கூழும் சின்ன வெங்காயமும், கேழ்வரகுக் களியும் கீரைக் கடையலும், இட்டிலியும் நிலக்கடலைச் சட்டினியும், சோறும் கொள்ளு ரசமும் ஆகிய இவற்றுள் பால் எங்கே இருக்கிறது? சேலம், ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஆடி முதல் நாளில் தேங்காயினுள் பொட்டுக்கடலை, எள், வெல்லம் முதலியவற்றை இட்டுச் சுட்டு உண்கிறோம். அதிலும் பாலோ நெய்யோ இல்லை. அவ்விருந்தைக் குறைவுடையது என்று எவரும் கூறியதில்லை.

இம்முறையை மேற்கொள்வோர் மூவகைப்படுவர். உயிர்களிடத்துள்ள இரக்கத்தால் மேற்கொள்வோர் ஒரு சாரார். பால் அருந்தினால் வயிற்றுப் பொருமலும் கழிச்சலும் காண்பவர் மற்றொரு சாரார். வளர்ந்தபின் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குன்றிப்போனவர் நம் நாட்டில் பலர் உளர். பால் வாங்க வழியில்லாமையால் இம்முறைக்கு வந்து சேர்ந்தவர் மூன்றாம் சாரார். காரணம் எதுவாயினும் அடுப்பங்கரையில் கைக்கொள்ள வேண்டிய முறை ஒன்றே.

இவ்விடத்தில் காந்தியடிகளின் அனுபவம் ஒன்று நினைவுகூரத் தக்கது. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, 1912-ஆம் ஆண்டில், அவர் பாலை அறவே நீக்கினார். பின்னர் 1918-ஆம் ஆண்டில் கடும் வயிற்றுக்கடுப்பால் நோயுற்று மெலிந்து, உடல் தேறுவதற்காக ஆட்டுப்பால் அருந்த நேர்ந்தது. பாலுக்கு ஈடான பொருள் ஒன்றைத் தம்மால் காண இயலாமற்போன வருத்தத்தை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மனவுறுதி மிக்கவர்க்கும் இதில் உறுதியோடு உணவு பற்றிய அறிவும் வேண்டும் என்பதற்கு இது சான்று. அவர் காலத்தில் அறியப்படாதிருந்த பலவற்றை இன்று நாம் அறிவோம். அவ்வறிவைப் பயன்படுத்திக்கொள்வது நம் கடமை.

நிறைவு எதனால் வருகிறது?

வெறும் சோற்றை எவ்வளவு உண்டாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பசி மீண்டும் தலைகாட்டுகிறது. மாவுச்சத்து விரைவில் செரித்துவிடுவதே அதற்குக் காரணம். சோற்றோடு புரதமும், சிறிது எண்ணெயும், நார்ச்சத்தும் சேருங்கால் செரிமானம் மெல்ல நடைபெறுகிறது. தெம்பு நெடுநேரம் நிற்கிறது. ஆகவே ஒரு வேளை உணவு நிறைவுடையதா என்று அறிய நான்கு வினாக்கள் போதும். தானியம் உண்டா? பருப்போ பயறோ உண்டா? எண்ணெய் வித்தோ தேங்காயோ உண்டா? கீரையோ காயோ உண்டா? நான்குக்கும் ‘உண்டு’ என்று விடை வருமாயின் அவ்வேளை உணவு நிறைவுடையது.

இவற்றோடு சுவையையும் மறத்தலாகாது. நெய் தரும் மணத்தை நல்லெண்ணெய்த் தாளிப்பும், வறுத்த எள்ளும், பெருங்காயமும், பூண்டும் தரும். தயிர் தரும் புளிப்பைப் புளியும், எலுமிச்சையும், தக்காளியும், புளித்த மாவும் தரும். இவற்றை அறிந்து இடும் கை உள்ள வீட்டில் பால் இல்லாமை தோன்றவே தோன்றாது.

பாவும் ஊடையும்

பாவு மட்டும் துணியாகாது. ஊடை மட்டும் துணியாகாது. தானியமும் பருப்பும் இத்தகையவையே. புரதம் பல கூறுகளால் ஆகியது. அரிசி, கேழ்வரகு முதலிய தானியங்களில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி; ஆனால் மெத்தியோனின் என்னும் கூறு அவற்றில் குறைவு. தானியத்தில் அது போதிய அளவு உண்டு. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. தானியம் மூன்று அல்லது நான்கு பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்பது தக்க அளவாகும். இட்டிலிக்கு நான்கு பங்கு அரிசியும் ஒரு பங்கு உளுந்தும் போடும் வழக்கம் இவ்வளவோடு ஒத்திருப்பதைக் காண்க.

ஒரு கணக்குப் பார்ப்போம். உடல் எடை 55 கிலோ உள்ள ஒருவர்க்கு, தானியத்தை முதன்மையாகக் கொண்ட உணவில், நாளொன்றுக்குச் சுமார் 55 கிராம் புரதம் வேண்டும் என்று கொள்வோம். 350 கிராம் அரிசியிலிருந்து ஏறத்தாழ 25 கிராம் கிடைக்கும். 90 கிராம் பருப்பு, பயறு வகைகளிலிருந்து 20 கிராம் கிடைக்கும். 40 கிராம் நிலக்கடலையிலிருந்து 10 கிராம் கிடைக்கும். கணக்கு நிறைந்துவிட்டது, பாலே தேவைப்படவில்லை. அதே மனிதர் பருப்பும் கடலையும் இன்றி 450 கிராம் அரிசியை மட்டும் உண்பாராயின், கிடைக்கும் புரதம் 32 கிராமைத் தாண்டாது. வயிறு நிரம்பியும் உடல் வாடுவதன் காரணம் இதுவே. குழம்பில் பருப்பைக் கரைத்து நிறம் காட்டினால் போதாது. ஆளுக்கு இரண்டு கைப்பிடிப் பருப்பாவது நாள்தோறும் உலையில் விழ வேண்டும்.

பருப்பு என்றதும் துவரையை மட்டும் எண்ணுதல் வேண்டா. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலை ஆகிய யாவும் 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டிய புரதம் உடையவை. விலை ஏறும் பருப்பை விட்டு விலை தாழ்ந்த பருப்புக்கு மாறிக்கொள்ளலாம். சத்தில் பெரும் வேறுபாடு இராது. காவிரிப் பாசனப் பகுதியில் நெல் அறுவடையானதும் தரிசில் விதைக்கும் உளுந்தும் பயறும், பருத்திக்கிடையே ஊடுபயிராக இடும் உளுந்தும், நிலக்கடலை வயலில் வரிசைவிட்டு நடும் துவரையும் நிலத்துக்கும் நலம் செய்கின்றன. வீட்டுக்கும் நலம் செய்கின்றன. விளைந்தது முழுவதையும் மூட்டை கட்டி அனுப்பிவிடாமல், ஆண்டுத் தேவைக்கு வேண்டியதை வீட்டில் நிறுத்திக்கொள்வது அறிவுடைமை.

தானியத்திலும் மாற்றம் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று வேளையாவது கேழ்வரகு, கம்பு, சாமை, தினை, குதிரைவாலி ஆகியவற்றுள் ஒன்றை அரிசியின் இடத்தில் வைக்கலாம். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதை அங்கத்தினர் அறிவர். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பசும்பாலில் அதே எடைக்கு 120 மில்லிகிராம் அளவே உண்டு. எனினும் தானியத்திலுள்ள சத்து முழுவதையும் உடல் ஏற்பதில்லை. ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகிய மூன்றும் அத்தடையைக் குறைக்கும். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இவ்வகையில் மிக நல்லது.

எண்ணெய் வித்துக்களின் பங்கு

நெய்யின் இடத்தை நிரப்புவன நிலக்கடலை, எள், தேங்காய் ஆகிய மூன்றும் ஆகும். இவற்றுள் நிலக்கடலை எண்ணெயும் புரதமும் ஒருங்கே தருவது. 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்டு. மைசூரில் 1950-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தார், நிலக்கடலை மாவு மூன்று பங்கும் பொட்டுக்கடலை மாவு ஒரு பங்கும் கலந்து ‘பல்நோக்கு உணவு’ என்னும் சத்து மாவு ஒன்றை வகுத்தனர். வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்து உருண்டை பிடித்தால் அதே கருத்து நம் வீட்டுப் பலகாரமாகிவிடுகிறது. பள்ளி சென்று திரும்பும் பிள்ளைகளுக்கும், மாலையில் தறியைவிட்டு எழுபவர்க்கும் இவ்வுருண்டை இரண்டு போதும்.

எள்ளைத் துவையலாகவும், பொடியாகவும், எள்ளுருண்டையாகவும் வாரம் இருமுறை சேர்க்கலாம். தேங்காய் சுவைக்கு உதவும். ஆனால் புரதத்துக்கு அதனை நம்புதல் கூடாது.

நிலக்கடலை பற்றி ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சரியாக உலராத கடலையில் ஒருவகைப் பூஞ்சணம் பற்றி அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இங்கிலாந்தில் 1960-ஆம் ஆண்டில் வான்கோழிகள் பெருந்திரளாக மடிந்தபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்தது கண்டறியப்பட்டது. இது ஈரலைத் தாக்குவது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றும் நீங்குவதில்லை. ஆதலால் கடலையை நன்கு காயவைத்து, ஈரம் தாக்காமல் வைத்தல் வேண்டும். சுருங்கியும் நிறம் மாறியும் கசந்தும் இருக்கும் பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று அதனைச் சட்டினிக்கு ஒதுக்குவது பெருந்தவறு.

கீரையும் காயும்

கீரை விலை குறைந்தது என்பதால் மதிப்பும் குறைந்தது என்று எண்ணுவாரும் உளர். முருங்கை, அரைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி ஆகியவை இரும்பும், சுண்ணாம்பும், கண்ணுக்கு வேண்டிய சத்தும் தருவன. கொல்லையில் ஒரு முருங்கை மரம் நிற்கும் வீடு ஆண்டு முழுதும் கீரைக்குக் கவலைப்படுவதில்லை. கீரையை நறுக்குவதற்கு முன்னரே கழுவுக. நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். வேகவைத்த நீரைக் கொட்டாமல் ரசத்துக்குப் பயன்படுத்துக.

கீரையும் பருப்பும் தரும் இரும்பு எளிதில் உடலில் சேர்வதன்று. அதே வேளையில் எலுமிச்சை, நெல்லி, தக்காளி, கொய்யா போன்ற புளிப்புடைய பொருள் ஒன்று சேருமாயின் இரும்பு நன்கு ஏற்கும். இரும்புச் சட்டியில் வதக்குவதும் உதவும். இதற்கு நேர்மாறாக, உண்டவுடன் அருந்தும் தேநீரும் காப்பியும் இரும்பு சேர்வதைத் தடுக்கின்றன. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இது சிறு செய்தியன்று. 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர்கள். வீட்டில் எல்லார்க்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவள் பெண். அப்போது சட்டியில் பருப்பும் கீரையும் எஞ்சுவதில்லை. சோறும் தெளிவும் ஒரு குவளைத் தேநீருமே எஞ்சுகின்றன. எத்துணை நல்ல சமையலாயினும், சமைத்தவளுக்கு அது கிட்டவில்லையாயின் பயன் என்ன? அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்பதும், இல்லையேல் அவள் பங்கை முதலிலேயே எடுத்து மூடிவைப்பதும் ஒவ்வோர் இல்லத்திலும் வழக்கமாக வேண்டும்.

மோர்ச் சோற்றின் இடம்

பால் சேராத உணவை மேற்கொள்பவர்க்கு நம் நாட்டில் நேரும் இடையூறு ஒன்று உண்டு. குழம்பிலும் ரசத்திலும் குறை தோன்றாது. சாப்பாட்டின் முடிவில் மோர் ஊற்றும் வேளையில்தான் மனம் தடுமாறுகிறது. இதற்கு மூன்று வழிகள் கூறலாம்.

முதலாவது, நீராகாரம். இரவுச் சோற்றில் நீர் ஊற்றி வைத்து, மறுநாட் காலையில் உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்து உண்பது. புளிப்புக்குப் புளிப்பு, குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி.

இரண்டாவது, நிலக்கடலை மோர். 100 கிராம் நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, அரை லிட்டர் நீர் சிறிது சிறிதாக விட்டு நைய அரைத்து, துணியில் வடிகட்டுக. வடித்த பாலை அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி ஆறவிடுக. நன்கு ஆறியபின் எலுமிச்சைச் சாறு, உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை சேர்த்து, வேண்டிய அளவு நீர் விளாவிச் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம். கடுகு தாளித்தால் மணம் கூடும். வடிகட்டிய சக்கையை எறியாமல் அடை மாவில் சேர்க்கலாம். இதனை அன்றன்றே செய்து அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, தேங்காய்ப்பால். திருநெல்வேலிச் சொதியை அறிந்தவர் அதன் அருமையை அறிவர். வேகவைத்த பாசிப்பருப்பு, காய்கள், இரண்டாம் பால் ஆகியவற்றை ஒன்றாகக் கொதிக்கவிட்டு, இறுதியில் முதற்பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்கி, ஆறியபின் எலுமிச்சை பிழிவர். விருந்தினர்க்கும் கூச்சமின்றிப் படைக்கத் தக்கது இது.

இரண்டு செய்முறைகள்

உளுந்தஞ்சோறு (நால்வர்க்கு): அரிசி 400 கிராம், தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து 200 கிராம் எடுத்துக்கொள்க. உளுந்தை மணம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, அரிசியோடு சேர்த்துக் களைக. அரிசி, உளுந்து இரண்டும் சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு நீரைக் கொதிக்கவைத்து, பூண்டு பத்துப் பல், வெந்தயம் அரைத் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, துருவிய தேங்காய் ஒரு பிடி, வேண்டிய உப்பு ஆகியவற்றை இட்டு, அரிசியையும் உளுந்தையும் சேர்த்துக் குழைய வேகவிடுக. இறக்கியபின் நல்லெண்ணெய் இரண்டு கரண்டி விடுக. இதற்கு ஏற்ற துணை எள்ளுத் துவையல். எள்ளையும் மிளகாய் வற்றலையும் தனித்தனியே வறுத்து, புளி, பூண்டு, தேங்காய், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். தானியம், பருப்பு, எண்ணெய் வித்து ஆகிய மூன்றும் இவ்வொரு வேளையிலேயே அடங்கிவிடுகின்றன. ஒரு கீரைப் பொரியல் சேர்ந்தால் நான்கும் நிறைந்தன.

கொள்ளுக் கடையலும் ரசமும்: கொள்ளு 200 கிராமைக் கல் நீக்கி, இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் மிகுதியான நீரில் நன்கு வேகவிடுக. வெந்த நீரை வடித்துத் தனியே வைக்க. கொத்துமல்லி, சீரகம், மிளகாய் வற்றல், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றைச் சிறிது நல்லெண்ணெயில் வதக்கி, வெந்த கொள்ளும் உப்பும் சேர்த்துக் கடைக அல்லது கரகரப்பாக அரைக்க. பகலில் இது சோற்றுக்கும் களிக்கும் ஆகும். வடித்த நீரில் புளி கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுத் தாளித்தால் இரவுக்கு ரசம். ஒரே அடுப்பெரிப்பில் இரு வேளைக்கு வழி பிறக்கிறது. விறகும் எரிவாயுவும் மிச்சம்.

ஏழு நாள் முறை

ஒரே குழம்பு நாள்தோறும் வந்தால் எவர்க்கும் சலிப்பே உண்டாகும். கீழ்க்காணும் முறையை ஒரு வழிகாட்டியாகக் கொண்டு, அவ்வப்போது கிடைக்கும் காய்க்கேற்ப மாற்றிக்கொள்க.

ஞாயிறு: பகல் — சோறு, தேங்காய்ப்பால் சொதி, இஞ்சித் துவையல். இரவு — இட்டிலி, நிலக்கடலைச் சட்டினி.

திங்கள்: பகல் — சாமைச் சோறு, கொள்ளுக் கடையல், புடலங்காய்ப் பொரியல். இரவு — சோறு, கொள்ளு ரசம், வறுத்த நிலக்கடலை.

செவ்வாய்: பகல் — சோறு, துவரம்பருப்புச் சாம்பார், முருங்கைக் கீரைப் பொரியல். இரவு — பல பருப்பு அடை, வெல்லம்.

புதன்: பகல் — உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவரைக்காய்ப் பொரியல். இரவு — கேழ்வரகுத் தோசை, தக்காளிச் சட்டினி.

வியாழன்: பகல் — சோறு, மொச்சையும் கத்தரிக்காயும் இட்ட புளிக்குழம்பு, கீரை மசியல். இரவு — கம்மஞ்சோறு, பச்சைப்பயறு கடையல்.

வெள்ளி: பகல் — சோறு, மிளகு ரசம், வாழைப்பூப் பருப்பு உசிலி. இரவு — அரிசி உப்புமா, கொண்டைக்கடலைச் சுண்டல்.

சனி: பகல் — கொங்கு நாட்டு அரிசியும் பருப்பும் சேர்ந்த சோறு, எலுமிச்சை ஊறுகாய், வாழைத்தண்டுப் பொரியல். இரவு — கேழ்வரகுக் களி, கீரைக் கடையல், நிலக்கடலைத் துவையல்.

மழைக்காலத்தில் தெருவில் பாவு ஓட இயலாமல் வேலை குன்றி, கூலியும் குறையும். அந்நாட்களில் காயும் விலை ஏறும். வெயிற்காலத்திலேயே சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் வற்றலும், செம்மண் கட்டிக் காயவைத்த துவரையும் சேர்த்து வைத்திருக்கும் வீட்டில் அக்காலத்திலும் உணவு இளைப்பதில்லை.

மறைக்கலாகாத குறை

இவ்வுணவு முறையில் ஒரு குறை உண்டு. அதனை மறைத்து எழுதுவது அறமாகாது. பி-12 என்னும் வைட்டமின் தாவர உணவில் கிடைப்பதில்லை. காந்தியடிகள் மறைந்த 1948-ஆம் ஆண்டிலேதான் அறிவியலார் இச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். இரத்த உற்பத்திக்கும் நரம்புகளின் நலத்துக்கும் இஃது இன்றியமையாதது. நீராகாரமும், புளித்த மாவும், கீரையும் இதனைப் போதிய அளவு தரும் என்று சிலர் கூறுவதை நம்புதல் கூடாது.

இக்குறை உடனே வெளிப்படாது என்பதே இதன் கொடுமை. ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் வரை தாங்கும். அதன்பின் சோர்வு, நாக்குப் புண், கைகால் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவை மெல்லத் தோன்றும். தறிக்குழியில் நெடுநேரம் அமர்ந்ததனால் கால் மரத்தது என்று நெசவாளர் எண்ணிவிடுவது எளிது. கீரையிலுள்ள ஃபோலிக் அமிலம் இரத்தச் சோகையை மறைத்துவிடுவதால், நரம்பின் கேடு தெரியாமலேயே வளர்வதும் உண்டு. காலம் கடந்தால் அது முற்றும் திரும்பாமலும் போகலாம்.

தீர்வு எளிது. பால், முட்டை, இறைச்சி எதையும் உண்ணாதவர், மருத்துவரைக் கேட்டு அவர் கூறும் அளவில் பி-12 மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இதில் சிறிதும் அசட்டை செய்தல் ஆகாது. தாயிடம் இச்சத்துக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே தடைப்படும். சிறு குழந்தைகளின் உணவில் மருத்துவரைக் கேளாமல் எம்மாற்றமும் செய்யற்க. தாய்ப்பாலுக்கு நிலக்கடலைப் பாலோ தேங்காய்ப்பாலோ ஒருபோதும் ஈடாகா.

மற்றும் இரண்டு செய்திகள் உண்டு. அயோடின் சேர்ந்த உப்பையே பயன்படுத்துக. வீட்டினுள்ளேயே தறியில் அமர்ந்திருப்பவர், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி பெறும்பொருட்டு, நாள்தோறும் சிறிது நேரமேனும் வெயில் உடலிற் படும்படி வெளியே வருக. வயலில் உழைப்பவர்க்கு இக்குறை பெரிதும் இல்லை.

சங்கம் செய்யத் தக்கது

தனி வீடு செய்யக்கூடியது ஓரளவே. அறுவடைக் காலத்தில் விலை தாழ்ந்திருக்கும்போது ஆண்டுக்கு வேண்டிய பருப்பை வாங்க ஒரு நெசவாளர் குடும்பத்திடம் முதல் இராது. விளைவித்தவரோ கடனுக்காக அதே நாளில் தாழ்ந்த விலைக்கு விற்கிறார். சில மாதங்கள் கழித்து இருவரும் அதே பருப்பைக் கடையில் ஏறிய விலைக்குச் சில்லறையாக வாங்குகின்றனர். இவ்விடைவெளியை அடைப்பதற்கன்றோ கூட்டுறவு தோன்றியது? 1904-ஆம் ஆண்டில் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், அன்றாடச் சாமான்களைச் சரியான எடையில் நியாய விலைக்கு அங்கத்தினர்க்கு அளிக்கும் நோக்கத்தோடே கடை திறந்தது.

விளைவிப்போரும் நெய்வோரும் அங்கத்தினராக உள்ள சங்கங்களுக்கு இஃது இன்னும் எளிது. அறுவடையின்போது உளுந்து, பயறு, துவரை, கொள்ளு, நிலக்கடலை ஆகியவற்றை அங்கத்தினரிடமிருந்தே நேரே கொள்முதல் செய்து, நன்கு உலர்த்தித் தரம் பிரித்து, நெசவாளர் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அளந்து கொடுத்து, தொகையைக் கூலியிலிருந்து சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம். செக்கு ஒன்று சங்கத்தின் பொறுப்பில் இருக்குமாயின் எண்ணெயும் கலப்படமின்றிக் கிட்டும். பிண்ணாக்கு மாட்டுக்கும் நிலத்துக்கும் ஆகும். மாதர் குழுவினர் சத்து மாவும் கடலை உருண்டையும் செய்து சங்கக் கடையிலேயே விற்கலாம்.

அடுத்த பொதுக்குழுவில் நூல் விலை, கூலி, தள்ளுபடி ஆகியவற்றோடு பருப்புக் கொள்முதலையும் ஒரு பொருளாக அங்கத்தினர் எடுத்துப் பேசுவார்களாக. அதுவரையில், இன்று இரவே உளுந்தோ கொள்ளோ இரண்டு கைப்பிடி ஊறவைப்பதற்கு எவருடைய தீர்மானமும் வேண்டுவதில்லை.